தம்பியின் தோள் ஏழு முறை இறங்கிவிட்டது: துளை போட்டுத் தைப்பதா, எலும்பு வைத்து ஸ்க்ரூ போடுவதா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 22. மாவட்ட அளவில் கபடி ஆடுகிறான், ரெய்டர். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு போட்டியில் பிடிபட்டு விழுந்தபோது வலது தோள் இறங்கிவிட்டது. களத்திலேயே ஒருவர் இழுத்துப் போட்டுவிட்டார். இதுவரை ஏழு முறை ஆகிவிட்டது. கடைசியாகத் தூக்கத்திலேயே கழன்றது. அவனே ஆட்டி ஆட்டி உள்ளே போட்டுக்கொண்டான். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் பேங்கார்ட் கிழிசல், ஹில்-சாக்ஸ் பள்ளம் என்று இருக்கிறது. ஒரு டாக்டர், ஜவ்வுதான் கிழிந்திருக்கிறது, சின்னத் துளை போட்டுத் தைத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர், தைத்தால் நிற்காது, பக்கத்து எலும்பை வெட்டி வைத்து ஸ்க்ரூ போட வேண்டும் என்கிறார். யாரை நம்புவது? அவனுடைய அணி நண்பனுக்கு முழங்கை கழன்று, கட்டு வைத்தியரிடம் ஆறு வாரம் கட்டிவைத்து, இப்போது கையை நீட்டவும் வரவில்லை, மடக்கவும் வரவில்லை. அதைப் பார்த்துவிட்டு இவனுக்கு ஆபரேஷன் என்றாலே பயம். அடுத்த ஆண்டு காவலர் தேர்வுக்குப் போக வேண்டும், கயிறு ஏற வேண்டும். ஆபரேஷன் இல்லாமல் முடியாதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு டாக்டர்களில் ஒருவர் தப்பாகச் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர்கள் சொல்லும் இரண்டுமே உலகம் முழுக்கச் செய்யப்படும், நன்கு நிலைபெற்ற சிகிச்சைகள். உங்கள் தம்பிக்கு எது பொருந்தும் என்பதை முக்கியமாக ஓர் அளவுதான் தீர்மானிக்கும். தோள் கிண்ணத்தின் முன் விளிம்பில் எலும்பு எவ்வளவு போயிருக்கிறது என்ற அளவு அது. உங்கள் கடிதத்தில் அது இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் எம்.ஆர்.ஐ. வரிகளிலும் இல்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் தேதி குறிக்க வேண்டாம் என்பதுதான் நான் முதலில் சொல்ல விரும்புவது.

அதற்கும் முன்னால் இன்னொன்று. 'தூக்கத்திலேயே கழன்றது' என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். பல முறை கழன்ற தோள் தூக்கத்தில் புரளும்போது நழுவுவது உண்டு. எலும்பு நன்றாகத் தேய்ந்துவிட்டதற்கு அது ஓர் அறிகுறி. ஆனால் தூக்கத்தில் வலிப்பு வந்தாலும் தோள் கழலும். வலிப்பு வந்தது பலருக்கே தெரியாது. காலையில் எழும்போது நாக்கின் ஓரம் கடிபட்டிருந்ததா, உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல வலித்ததா, படுக்கை நனைந்திருந்ததா, பக்கத்தில் படுத்திருந்தவர்கள் எதையாவது பார்த்தார்களா என்று வீட்டில் எல்லோரிடமும் கேளுங்கள். துளி சந்தேகம் இருந்தாலும் முதலில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். வலிப்பைக் கட்டுக்குள் கொண்டுவராமல் தோளை எந்த முறையில் சரிசெய்தாலும் அடுத்த வலிப்பில் தையலும் போகும், ஸ்க்ரூவும் போகும்.

சரி, இப்போது தோளுக்கு வருவோம். உடம்பிலேயே அதிகம் சுழலும் மூட்டு தோள்தான், அதிகம் கழலும் பெரிய மூட்டும் அதுதான். மேல்கை எலும்பின் தலை பெரிய உருண்டை. அது உட்காரும் கிண்ணத்துக்கோ ஆழமே கிடையாது. ஒரு சின்னத் தட்டில் எலுமிச்சம்பழத்தை நிறுத்தி வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தட்டின் விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்ற நார்க்குருத்து வளையம் ஒட்டியிருக்கிறது. தோளின் ஜவ்வுகள் அதில் வந்து சேர்கின்றன. முதல் முறை தோள் முன்பக்கமாகக் கழலும்போது வளையம் முன்-கீழ் ஓரத்தில் பிய்ந்துவிடும். இதுதான் கோளாறின் மூலம் என்று ஆங்கிலேய அறுவை மருத்துவர் பேங்கார்ட் 1923-ல் எழுதினார். அதனால்தான் அந்தக் கிழிசலுக்கு அவர் பெயர். வெளியே வந்த உருண்டையின் பின்புறம் கிண்ணத்தின் கெட்டியான விளிம்பில் மோதி நசுங்கினால் அங்கே ஒரு பள்ளம் விழும். 1940-ல் அதை விளக்கிய இரண்டு கதிரியக்க மருத்துவர்களின் பெயர்தான் ஹில்-சாக்ஸ்.

அறிக்கையில் இந்த இரண்டும் இருக்கின்றன. மூன்றாவதுதான் விட்டுப்போயிருக்கிறது. தோள் ஒவ்வொரு முறை கழலும்போதும், உள்ளே போகும்போதும், உருண்டை கிண்ணத்தின் முன் விளிம்பை உரசிக்கொண்டே போகிறது. எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், சில சமயம் சில்லாக உடைந்தும் போகும். கிண்ணத்தின் கீழ்ப்பகுதி மொத்தமே சுமார் 25 மில்லிமீட்டர் அகலம். அதில் 5 மில்லிமீட்டர் போனால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று கணக்கு. தட்டின் ஓரமே உடைந்திருக்கும்போது, ஓரத்தைச் சுற்றியிருந்த வளையத்தை மட்டும் திரும்பத் தைத்து வைத்தால் பழம் நிற்காது.

இதை எங்கள் துறைக்கு அழுத்தமாக எடுத்துச் சொன்ன ஆய்வு 2000-ல் வந்தது. அமெரிக்காவின் பர்க்ஹார்ட், தென்னாப்பிரிக்காவின் டி பீர் என்ற இருவர் நுண்துளை வழியாகத் தைத்த 194 தோள்களைத் திரும்பிப் பார்த்தார்கள். எலும்பு பெரிதாகப் போகாதவர்களில் 4 சதவீதம் பேருக்குத்தான் மறுபடி பிரச்சினை வந்தது. எலும்பு நிறையப் போனவர்களில் 67 சதவீதம். மோதி ஆடும் விளையாட்டுக்காரர்களை மட்டும் தனியாகப் பார்த்தபோது இடைவெளி இன்னும் பெரிது: எலும்பு சரியாக இருந்தவர்களுக்கு 6.5 சதவீதம், எலும்பு போனவர்களுக்கு 89 சதவீதம். தையல் ஒன்றுதான், நுண்துளையும் ஒன்றுதான். எலும்புதான் வேறு. அந்த மோதி ஆடுபவர்களில் பெரும்பாலோர் ரக்பி ஆட்டக்காரர்கள். கபடி அதற்குக் கொஞ்சமும் சளைத்ததல்ல. ரெய்டர் கையை நீட்டித் தொட்டுவிட்டுத் திரும்புகிறார், இரண்டு பேர் இடுப்பைப் பிடிக்கிறார்கள், ஒருவர் கையைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறார். கை பக்கவாட்டில் உயர்ந்து வெளிப்பக்கமாகத் திரும்பும் அந்த நிலைதான் தோள் முன்னால் கழல்வதற்குத் தோதான நிலை.

அதனால் அடுத்த வேலை சி.டி. ஸ்கேன். எம்.ஆர்.ஐ. ஜவ்வை நன்றாகக் காட்டும், எலும்பை அளக்க சி.டி.தான் நல்லது. அதிலும் முப்பரிமாணப் படமாக, மேல்கை எலும்பை நீக்கிவிட்டுக் கிண்ணத்தை மட்டும் நேருக்கு நேர் காட்டும்படி கேட்டு வாங்குங்கள். அந்தப் படத்தில் கிண்ணத்தின் கீழ்ப்பகுதி வட்டமாகத் தெரிய வேண்டும். முன்பக்கம் வெட்டிவிட்டாற்போல் நேர்கோடாகத் தெரிந்தால் எலும்பு போயிருக்கிறது என்று நீங்களே சொல்லிவிடலாம். எத்தனை சதவீதம் என்பதை அறிக்கையில் எழுதித் தரச் சொல்லுங்கள். 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டால், கபடி ஆடும் பையனுக்கு எலும்பு வைப்பதைத்தான் நான் சொல்வேன். 10-க்குக் கீழே இருந்து உருண்டையின் பள்ளமும் சின்னதாக இருந்தால் தைத்தால் போதும். இடையில் இருப்பதுதான் சிக்கல். நல்ல மருத்துவர்களே அங்கே வேறுபடுவார்கள். உங்களுக்கு இரண்டு விதமான பதில் வந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

இடைப்பட்ட நிலையில் கைகொடுக்க ஒரு மதிப்பெண் முறை உண்டு. பிரான்சின் நீஸ் நகரத்திலிருந்து 2007-ல் வந்தது, மொத்தம் 10 மதிப்பெண். அறுவையின்போது வயது 20 அல்லது அதற்குக் கீழ் என்றால் 2. போட்டிகளில் ஆடுபவர் என்றால் 2. மோதி ஆடும் விளையாட்டு, அல்லது கையைத் தலைக்கு மேல் வேகமாக வீசும் விளையாட்டு என்றால் 1. மூட்டுகள் இயல்பிலேயே அதிகம் வளையும் என்றால் 1. சாதாரண எக்ஸ்ரேயில் உருண்டையின் பள்ளம் தெரிந்தால் 2, கிண்ணத்தின் விளிம்பு தேய்ந்தது தெரிந்தால் இன்னொரு 2. ஆறைத் தாண்டியவர்களில் 70 சதவீதம் பேருக்குத் தையல் தோற்றது, ஆறு வரை இருந்தவர்களில் 10 சதவீதம் பேருக்கு. உங்கள் தம்பிக்கு வயது 22, அதற்கு மதிப்பெண் இல்லை. போட்டிக்கும் மோதலுக்கும் சேர்த்து 3 வந்துவிடுகிறது. எக்ஸ்ரேயில் பள்ளம், விளிம்பு இரண்டும் தெரிந்தால் 7. இங்கேயும் பாருங்கள், எலும்பில்தான் வந்து நிற்கிறது.

பரிசோதனை மேசையிலும் ஓரளவு தெரிந்துவிடும். படுக்க வைத்து, முழங்கையை மடக்கி, கையைப் பக்கவாட்டில் கொஞ்சம்போல உயர்த்தி, மெதுவாக வெளிப்பக்கம் திருப்புவோம். வலி வருவதற்கு முன்பே முகம் மாறும், மறு கை ஓடிவந்து எங்கள் மணிக்கட்டைப் பிடிக்கும். கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிய பிறகு இந்தப் பயம் வந்தால் ஜவ்வு மட்டும் போயிருக்கலாம். பாதி உயரத்திலேயே வந்துவிட்டால் எலும்பைச் சந்தேகிக்க வேண்டும். உங்கள் தம்பி பஸ்ஸில் மேல்கம்பியை எந்தக் கையால் பிடிக்கிறார், சட்டை போடும்போது எந்தக் கையை முதலில் நுழைக்கிறார் என்று கவனியுங்கள். டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

இனி இரண்டு அறுவைகளிலும் என்னதான் செய்கிறோம் என்று பார்ப்போம்.

நுண்துளை முறையில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இரண்டு மூன்று துளைகள். 4 மில்லிமீட்டர் பருமனுள்ள கேமராக் குழாய் ஒன்றில் போகும், கருவிகள் மற்றவற்றில். உப்பு நீரைச் செலுத்தி மூட்டை விரித்துக்கொள்வோம். பிய்ந்த வளையம் அதன் இடத்தில் இருக்காது, உள்பக்கமாகச் சரிந்து தப்பான இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். முதலில் அதை அங்கிருந்து விடுவிக்க வேண்டும். இதைப் பொறுமையாகச் செய்வதில்தான் பாதி வெற்றி. பிறகு விளிம்பு எலும்பை லேசாகச் சுரண்டி ரத்தம் கசிய வைத்து, சிறு துளைகள் இட்டு, நூல் கோத்த ஆங்கர்களை, அதாவது எலும்பில் பதிந்து நூலைப் பிடித்துக்கொள்ளும் சின்ன முளைகளை, பதிப்போம். மூன்று நான்கு ஆங்கர்களாவது வேண்டும். அந்த நூலால் வளையத்தையும் ஜவ்வையும் சேர்த்து விளிம்பின் மேல் ஏற்றிக் கட்டுவோம். உருண்டையின் பள்ளம் பெரிதாக இருந்தால், பின்புறத் தசைநாணை அந்தப் பள்ளத்துக்குள் இறக்கிக் கட்டும் ரெம்ப்ளிசாஜ் என்ற வேலையையும் கூடவே செய்யலாம். கை வெளிப்பக்கம் திரும்புவது அதனால் கொஞ்சம் குறையும். வேகப்பந்து வீச்சாளருக்கு அது பெரிய இழப்பு, கபடிக்காரருக்கு அவ்வளவு இல்லை.

எலும்பு வைக்கும் முறைக்கு லாடார்ஜே என்று பெயர். பிரான்சின் லியோன் நகரத்து மருத்துவர் லாடார்ஜே 1954-ல் எழுதியது. காரை எலும்பின் வெளிமுனைக்குச் சற்றுக் கீழே விரலால் அழுத்திப் பாருங்கள், கெட்டியாக ஒன்று தட்டுப்படும். அதுதான் கொராகாய்டு. முன்பக்கம் ஐந்தாறு சென்டிமீட்டர் கீறி, கொராகாய்டின் நுனியை, அதில் ஒட்டியிருக்கும் தசைநாணோடு சேர்த்து இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வெட்டி எடுப்போம். தோளின் முன்தசையை அதன் இழைகளின் போக்கிலேயே பிளந்து, அதன் வழியாகக் கொண்டுபோய், தேய்ந்த விளிம்பில் இரண்டு ஸ்க்ரூக்களால் பொருத்துவோம். குறைந்த எலும்பு ஈடாகிறது என்பது ஒரு பலன். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது மற்றொன்று: கூடவே வந்த தசைநாண், கையைத் தூக்கித் திருப்பும்போது உருண்டைக்கு முன்னால் இறுகி நின்று அதை வெளியே வரவிடாமல் தடுக்கிறது. கழலும் அதே நிலையில்தான் அது அதிகம் வேலை செய்கிறது.

இதில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கையின் முக்கியமான இரண்டு நரம்புகள் பக்கத்திலேயே ஓடுகின்றன. மரத்துப்போதல், பலவீனம் வந்தால் பெரும்பாலும் சில வாரங்களில், மாதங்களில் சரியாகிவிடும், அபூர்வமாக நிற்கவும் கூடும். வைத்த எலும்பு ஒட்டாமல் போகலாம். விளிம்பைத் தாண்டி வெளியே துருத்தும்படி வைத்துவிட்டால் மூட்டு சீக்கிரம் தேயும், உள்ளே தள்ளி வைத்தால் தோள் மறுபடி கழலும். ஓரிரு மில்லிமீட்டரில் முடிவாகும் விஷயம் இது. ஆகவே, இதை அடிக்கடி செய்யும் கையிடம் போங்கள். "நீங்கள் வருடத்துக்கு எத்தனை லாடார்ஜே செய்கிறீர்கள், எத்தனை பேர் திரும்பக் களத்துக்குப் போனார்கள்?" என்று நேராகவே கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபப்படமாட்டார்.

தழும்பு சின்னதாக இருக்கிறது என்பதற்காக ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நுண்துளை என்றால் சின்ன ஆபரேஷன், திறந்து செய்தால் பெரிய ஆபரேஷன் என்று வீட்டில் பேசிக்கொள்வது இயல்புதான். ஆனால் தைத்த தோள் ஒரு வருடத்தில் மறுபடி கழன்று இரண்டாம் முறை மேசை ஏறுவதுதான் பெரிய ஆபரேஷன்.

ஆபரேஷனே இல்லாமல் முடியாதா என்றால், முடியும், ஆனால் கபடியோடு முடியாது. தோள்பட்டைத் தசைகளை வலுவாக்கும் பயிற்சி, கையைத் தூக்கும் வேலைகளில் கவனம், மோதும் விளையாட்டை அடியோடு விடுவது என்று இருந்தால் சிலர் சமாளிக்கிறார்கள். ஏழு முறை கழன்று, தூக்கத்திலும் நழுவும் தோளுக்குப் பயிற்சி மட்டும் போதும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிணற்றில், ஆற்றில் நீந்தும்போது கழன்றால் உயிருக்கே ஆபத்து. இப்போதைக்கு நீச்சல் கட்டாயம் வேண்டாம்.

அடுத்து அந்த நண்பரின் முழங்கை. உங்கள் தம்பியின் பயத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. தோளும் முழங்கையும் நேர் எதிரான மூட்டுகள். தோளில் நாங்கள் பயப்படுவது தளர்ச்சிக்கு, முழங்கையில் பயப்படுவது இறுக்கத்துக்கு. முழங்கையில் எலும்புகள் ஒன்றுக்குள் ஒன்று நன்றாகப் பொருந்தி நிற்கும். முறிவு இல்லாமல் கழன்ற முழங்கையைச் சரியாக உட்கார வைத்துவிட்டால் பெரும்பாலும் அதற்கு அறுவையே வேண்டாம். ஒன்றிரண்டு வாரம் கட்டு, அப்புறம் உடனே அசைக்க ஆரம்பிக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் கட்டிவைத்தால் இறுகிவிடும். அவருக்கு ஆறு வாரம் கட்டியிருக்கிறார்கள். கட்டைப் பிரித்தபின் எண்ணெய் போட்டு உருவி, பலவந்தமாக மடக்கியும் விட்டிருந்தால் தசைக்குள் புது எலும்பு வளர்ந்திருக்கக்கூடும். ஆக, அந்தக் கை மடங்காமல் போனது ஆபரேஷனால் அல்ல. தம்பியிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அந்த நண்பரும் விட்டுவிட வேண்டியதில்லை. முதலில் எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சி.டி. எடுத்து உள்ளே முறிவு இருந்ததா என்று பார்க்க வேண்டும். முழங்கை கழலும்போதே முன்கையின் இரண்டு எலும்புகளான ரேடியஸின் தலையும் அல்னாவின் முன்முனையும் உடைந்திருந்தால் அது முழங்கைக் காயங்களிலேயே மோசமான வகை. அதற்கு ஆரம்பத்திலேயே அறுவை தேவைப்படும்: முன்முனையைப் பொருத்தி, ரேடியஸ் தலையை ஸ்க்ரூ போட்டுச் சேர்த்து, அது நொறுங்கியிருந்தால் உலோகத் தலை வைத்து, வெளிப்பக்க ஜவ்வை எலும்பில் திரும்பத் தைக்க வேண்டும். முறிவு இல்லாத வெறும் இறுக்கம் என்றால் சில மாதம் முறையான பிசியோதெரபி, படிப்படியாக நீட்டும் ஸ்ப்ளின்ட். அதற்கும் மசியாவிட்டால் இறுகிய உறையையும் முளைத்த எலும்பையும் நீக்கும் அறுவை இருக்கிறது. முழு அசைவும் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. முழுதாக நீட்டிய கையைப் பூஜ்ஜியம் டிகிரி என்று வைத்தால், 30-லிருந்து 130 டிகிரி வரை அசைந்தால் சாப்பிடுவது, தலை வாருவது, சட்டை போடுவது என்று அன்றாட வேலைகள் எல்லாம் நடந்துவிடும் என்று 1981-லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். சுண்டுவிரலில் மரமரப்பு இருந்தால் மட்டும் தள்ளிப்போடக் கூடாது, முழங்கையின் உள்பக்கம் ஓடும் நரம்பு நெருக்கப்படுகிறது என்று அர்த்தம். நீரஜ் சோப்ரா 2019 மே மாதம் எறியும் வலது கையிலேயே முழங்கை அறுவை செய்துகொண்டார். 2020 ஜனவரியில் 87.86 மீட்டர் எறிந்து ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். பையன்களிடம் நூறு வார்த்தை சொல்வதைவிட இது சீக்கிரம் புரியும்.

காவலர் தேர்வு விஷயம். இரண்டு முறைகளிலும் காலக்கணக்கு ஏறத்தாழ ஒன்றுதான். மூன்று, நான்கு வாரம் ஸ்லிங், அதாவது கையைக் கழுத்திலிருந்து தாங்கும் தொட்டில். அந்த நாட்களிலும் விரல், மணிக்கட்டு, முழங்கை முதல் நாளிலிருந்தே அசைய வேண்டும். அப்புறம் பிசியோதெரபிஸ்ட் சொல்லும் எல்லைக்குள் தோள் அசைவு. ஓட்டம் இரண்டாம் மாதம் தொடங்கலாம். எடை தூக்குவது மூன்று மாதத்துக்குப் பிறகு. கயிறு ஏறும்போது முழு உடம்பும் தலைக்கு மேல் நீண்ட கையில் தொங்குகிறது. அதை மோதி ஆடுவதற்குச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தாறு மாதத்துக்கு முன்னால் கூடாது. எலும்பு வைத்திருந்தால் அதற்கு முன் இன்னொரு சி.டி. எடுத்து, ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். வலி இல்லை என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. 22 வயதுக்காரருக்கு வலி ஆறு வாரத்திலேயே போய்விடும், எலும்பு ஒட்டுவதற்கு அதைவிட அதிக நாள் ஆகும். இதனால் தேர்வுத் தேதியிலிருந்து பின்னோக்கி எட்டு மாதம் எண்ணுங்கள், அறுவை அதற்கு முன் முடிந்திருக்க வேண்டும். அந்த இடைவெளி கிடைக்காது என்றால் இந்த முறை தேர்வை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகட்டும். அரைகுறையாக ஆறிய தோளோடு கயிற்றில் தொங்க வைக்காதீர்கள்.

செலவு பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் எலும்பு சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், இந்த அறுவைக்கு எவ்வளவு கிடைக்கும், ஆங்கரும் ஸ்க்ரூவும் அதில் அடங்குமா என்று மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கரின் விலைதான் பல குடும்பங்களைக் கடைசி நேரத்தில் திணறடிக்கிறது.

சி.டி. வரும்வரை தம்பி களத்தில் இறங்க வேண்டாம், 'ஒரே ஒரு ரெய்டு' கூட. நடுவில் கழன்றால் நண்பர்கள் இழுக்க வேண்டாம், இத்தனை முறை ஆனபின் இழுக்கும்போதே எலும்பு உடைய வாய்ப்பு உண்டு. கையை வயிற்றோடு அணைத்து ஒரு துண்டால் கட்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மேல்கையின் வெளிப்பக்கம் தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா என்று வழியிலேயே பார்த்து, அங்கே போனதும் டாக்டரிடம் சொல்லுங்கள். சி.டி. படம் கையில் வந்ததும் இரண்டு டாக்டர்களிடமும் அதை வைத்து, "இத்தனை சதவீதம் போயிருக்கிறது, இப்போதும் அதே அறுவையைத்தான் சொல்கிறீர்களா?" என்று கேளுங்கள். அப்போதும் இருவர் பதிலும் வேறாக இருந்தால், அந்த அளவோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.